'வலிக்கு' என்றால் இழு: தம்பியின் மையத்தில் நான்கு ஆண்டுகள்

என் தம்பிக்கு 27 வயது. டவுன் சிண்ட்ரோம், அதாவது அறிவு வளர்ச்சியைத் தாமதமாக்கும் பிறவி மரபணு மாற்றம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி இருக்கிறோம். வீட்டில் தமிழ், அலுவலகங்களில் மலையாளம். நான்கு ஆண்டுகளாக அவன் ஓர் அறக்கட்டளையின் பகல்நேர மையத்துக்குப் போகிறான். காலையில் உடற்பயிற்சி, மதியம் கஞ்சியும் பயறும், பிறகு காகிதப் பை ஒட்டுவது, மாலையில் பந்து விளையாட்டு. சேர்க்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் சேருங்கள் என்றே சொல்வேன். ஆனால் முதல் ஆண்டில் அவன் பட்ட பாட்டை இன்னொரு பிள்ளை படக்கூடாது.

ஆறு மாதம் கழித்து வந்த அறிக்கையில் 'சொன்னதைச் செய்வதில்லை' என்று இருந்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை. வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது முதல் கொடியில் துணி எடுப்பது வரை ஒரு குரலுக்குச் செய்பவன் அவன். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பயிற்சிக்கூடத்தின் மூலையில் போய் உட்கார்ந்தேன்.

'ஓடு' என்றார்கள், ஓடினான். இரண்டு மொழிக்கும் ஒரே சொல். 'இரிக்கு' (உட்கார்) என்றார்கள், நின்றான். 'சாடு' என்றார்கள், அப்போதும் நின்றான். அது குதி என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்து 'வலிக்கு, வலிக்கு' என்றதும் பட்டையைப் போட்டுவிட்டுத் தன் முழங்கையைத் தடவிப் பார்த்தான். மலையாளத்தில் அதற்கு இழு என்று பொருள். அவன் காதில் விழுந்தது வலி.

இதன் மறுபக்கம் இன்னும் கொடுமை. அந்த மழைக்காலத்தில் புதுச் செருப்பு கடித்துக் குதிகால் புண்ணாகியிருந்தது. வலியைச் சொல்லவே தயங்குகிறவன், அன்று மையத்தில் 'வலிக்குது' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். பட்டையைக் கேட்கிறான் என்று நினைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மாலையில் வீங்கிய காலோடு வந்து 'அக்கா' என்று மட்டும் சொன்னான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வழி காட்டியவர் மையத்தின் ஆயா. வேலந்தாவளத்துத் தமிழ்க்காரர். 'இழு சாமி' என்று அவர் பக்கத்தில் நின்று சொல்லத் தொடங்கிய ஒரே மாதத்தில் பயிற்சி முழுவதையும் செய்தான். பிறகு நானும் டீச்சரும் உட்கார்ந்து 23 சொற்களை இரு மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வலி, வயிறு, சிறுநீர், தலைசுற்றல் ஆகியவை முதல் வரிசையில் இருக்கின்றன.

உடல்நலத்தில் கிடைத்த பயன் பெரிது. மையத்தில் மாதந்தோறும் எடை பார்ப்பார்கள். சாப்பாடு குறைந்தும் எடை ஏறியதால் தைராய்டு பரிசோதிக்கச் சொன்னார்கள், குறைபாடு இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருவது, ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது. அவனைச் சோம்பேறி என்று எத்தனை முறை திட்டியிருப்போம்! மாத்திரையும் நடையுமாக 81 கிலோவிலிருந்து 74க்கு வந்திருக்கிறான்.

குட்டிக்கரணம், தலைகீழாக நிற்கும் ஆசனம் இரண்டும் அவனுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். அங்கே தண்டுவடம் நசுங்கினால் ஆபத்து. யோகா வகுப்பு உள்ள எந்த மையத்திலும் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) மாற்றுத்திறனாளிகளுக்கு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். புறநோயாளிச் செலவும் அதில் அடங்கும். அதையும் போட்டுவையுங்கள்.

பல் மருத்துவரை இன்னும் மையத்துக்கு வரவழைக்க முடியவில்லை. ஈறு வீக்கம் அங்கே பாதிப் பேருக்கு இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மறுபடியும் கேட்கப்போகிறேன். இந்த முறை தம்பியையும் கூட அழைத்துப் போகிறேன். 'பல் வலிக்குது' என்பதற்கு மலையாளத்தில் 'பல்லு வேதனிக்குன்னு' என்று அவனே இப்போது சொல்கிறான்.