காற்றுக் கிழிக்கும் இலைகள்: பேர்ட் ஆஃப் பாரடைஸ் வளர்த்த அனுபவம்

நாகர்கோவில் பக்கத்து நர்சரிகளில் பேர்ட் ஆஃப் பாரடைஸ் என்ற அகன்ற இலை அலங்காரச் செடியின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தோழி கேட்டிருந்தார். என் செடியை அண்மையில்தான் தொட்டி மாற்றினேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஆரஞ்சு நிறப் பூப் பூக்கும் ரெஜினே வகை என்று சொல்லி எனக்கு விற்றது, வெள்ளைப் பூவுடைய நிக்கோலாய் வகை. தொட்டியில் அது பூப்பது அரிது. இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செடியின் உறுதியைக் குறை சொல்லவே முடியாது. சுண்டுவிரல் பருமனுள்ள வெண்ணிற வேர்கள் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கங்களைப் பிதுக்கி, வடிகால் துளை வழியே வெளியே வந்திருந்தன. சதைப்பற்றுள்ள அவ்வேர்கள் இழுத்தால் ஒடிந்துவிடும் என்பதால், தொட்டியையே கத்தியால் அறுத்து எடுத்தேன். புதிய தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் மட்டுமே அகலம். வேர் எட்டாத மண் அதிகமிருந்தால், தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை பெய்யும் நம் மாவட்டத்தில் அந்த ஈரமே வேரை அழுகச் செய்துவிடும். நீரைப் பிடித்து வைக்கும் தென்னை நார்க்கழிவைக் குறைத்து, செம்மண், ஆற்றுமணல், மட்கிய சாணம் ஆகியவற்றைக் கலந்தேன். சில வாரங்கள் அசையாமல் நின்ற செடி, பிறகு ஈட்டிபோல் சுருண்ட குருத்து ஒன்றை நீட்டியது. அது விரிந்த பிறகே உரமிட்டேன்.

என் பொறுமையைச் சோதிப்பது இலைதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று, விரிந்த ஓரிரு நாளிலேயே புது இலையை நடுநரம்பு வரை கீற்றுக் கீற்றாகக் கிழித்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரத்தைச் சேர்ந்த இச்செடிக்குக் கிழிவது இயல்பு என்பதும், கிழிந்த இலையும் குறைவின்றி உணவு தயாரிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும், அகன்ற இலையின் அழகுக்காகத்தானே இதை வாங்குகிறோம்? வீட்டுக்குள் வைத்தால் இலை முழுதாக இருக்கிறது. ஆனால், வெயில் போதாமல் காம்புகள் மெலிந்து ஜன்னல் பக்கம் சாய்கின்றன, காம்படியில் மாவுப்பூச்சியும் சேர்கிறது.

இத்தனை உறுதியான செடி என் வீட்டில் வேறில்லை. இருந்தும் தோழிக்கு என் பதில், வேண்டாம் என்பதே. காற்றுக்கு மறைவான, காலை வெயில் நன்றாக விழும் முற்றம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் பெயர்ச்சீட்டை நம்பாமல், பூவோடு நிற்கும் ரெஜினேயைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும்.