ஹைப்போஸ்பேடியாஸ் ஆபரேஷன்: மதுரையில் என் மகனுக்குச் செய்த இடம்

அண்ணா நகர் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு. பெயரைப் போடவில்லை. நாளைக்கு வளர்ந்து நிற்கப்போகிற பிள்ளையின் அந்தரங்கம் இது. ஆனால் மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருக்கிற இதே குறையோடு (அதுதான் ஹைப்போஸ்பேடியாஸ்) மேலூர், திருமங்கலத்தில் இருந்தெல்லாம் வருகிற தாய் தகப்பனுக்கு விவரம் தெரிய வேண்டும்.

மகன் பிறந்ததும் அவன் நன்னிக்கு (பாட்டிக்கு) ஒரே சந்தோஷம். "சுன்னத்தோடயே பிறந்திருக்கான்" என்று தெருவெல்லாம் சொன்னார். முன்தோல் மேல்பக்கம் மட்டும்தான் இருந்தது. தடுப்பூசி போடப் போனபோதுதான் டாக்டர் கவனித்தார்: மூத்திரத் துவாரம் நுனியில் இல்லை, சற்றுக் கீழே இருக்கிறது. சுமார் 200, 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வருமாம். எங்கள் சொந்தத்தில் இதைக் கேள்விப்பட்டவர்கள் ஒருவரும் இல்லை.

சர்ஜன் முதலில் சொன்னதே, "சுன்னத் மட்டும் செய்துவிடாதீர்கள், அந்தத் தோல் எனக்கு வேண்டும்" என்பதுதான். நம் ஆட்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 6 முதல் 18 மாதத்துக்குள் செய்வது நல்லது என்றார். பேப்பரில் படம் போட்டுக் காட்டினார்: நுனிக்கும் துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சதைப் பட்டையை நெடுக்கே லேசாகக் கீறி, மெல்லிய குழாயைச் சுற்றி உருட்டித் தைத்து, மேலே முன்தோலின் உள்சதையைப் போர்த்துவது. ஸ்நாட்கிராஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1994-இல் எழுதிய முறையாம். மீதித் தோலையும் அப்போதே எடுத்ததால் சுன்னத்தும் அதிலேயே முடிந்துவிட்டது.

ஆபரேஷனைவிட அதற்கு அப்புறம்தான் கவனிப்பு வேண்டும். இங்கே ஒரு நர்ஸ் அக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இரண்டு டயப்பர் போடச் சொல்லிக்கொடுத்தார். உள் டயப்பரில் கத்தரியால் ஒரு ஓட்டை. அதன் வழியாக உறுப்பையும் குழாயையும் வெளியே எடுத்துவிட வேண்டும். மலம் உள்ளே நிற்கும், மூத்திரம் வெளி டயப்பரில் சொட்டும், காயத்துக்குப் போட்ட கட்டின் மேல் அழுக்குப் படாது. என் கையாலேயே மாற்றவைத்துப் பார்த்த பிறகுதான் டிஸ்சார்ஜுக்கு விட்டார். ஒரு வாரம் போல் குழாய் இருந்தது. தையல் தானாகக் கரைந்தது.

குறை என்றால் முதல் ராத்திரிதான். பிள்ளை திடீர் திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிட்டான். டியூட்டியில் இருந்தவர்கள் "பசியாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் சர்ஜன் வந்துதான், குழாய் உறுத்துவதால் மூத்திரப்பை இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லி மருந்து எழுதினார். அந்த மருந்தை முன்பே எழுதி வைத்திருக்கலாம். நீங்கள் அட்மிஷன் போடும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

தைத்த இடத்தில் ஓட்டை விழலாம், புதுத் துவாரம் சுருங்கலாம் என்று சர்ஜன் முன்கூட்டியே மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. அப்படி ஆனால் திரும்பச் செய்ய வேண்டிவரும். இப்போது மூத்திரம் நுனியிலிருந்து ஒரே தாரையாகப் போகிறது. இரண்டாகப் பிரிந்தாலோ, முக்கிப் போனாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார். பாத்ரூம் பழகின பிறகும் ஒரு தடவை காட்ட வேண்டும். அந்த ரிவ்யூவுக்கெல்லாம் ஃபீஸ் தனி, பேக்கேஜில் வராது. அதையும் கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.