டே லில்லி: உறங்கும் வகையா, பச்சை மாறாத வகையா?

டே லில்லி வாங்கும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது பூவின் நிறத்தை. நான் முதலில் விசாரிப்பது இலையைப் பற்றி. ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள்தான். ஆனால் அந்தச் செடி உங்கள் தோட்டத்தில் தூர் கட்டிப் பெருகுமா, மூன்றே வருடத்தில் மெலிந்துபோகுமா என்பது பெரும்பாலும் குளிர்காலத்தில் அதன் இலை என்ன ஆகிறது என்பதைப் பொறுத்தது.

உறங்கும் வகையில், குளிர் தொடங்கியதும் இலை மொத்தமும் காய்ந்து, குருத்து மண்ணோடு ஒடுங்கிவிடும். வசந்தத்தில் கூர்முளையாக எழும்பும். 1975இல் அறிமுகமாகி உலகெங்கும் பரவிய 'ஸ்டெல்லா டி ஓரோ' இந்த வகை. பனி கொட்டும் இடங்களுக்கு இதுவே என் முதல் தேர்வு. குளிரே வராத இடத்தில் இந்த வகையில் பல செடிகளுக்குப் போதிய ஓய்வு கிடைப்பதில்லை; ஆண்டுக்கு ஆண்டு பூந்தண்டுகள் குறைந்து தூர் சிறுத்துவிடும். நல்ல எரு போட்டும் பூக்கவில்லையே என்று பலர் தங்களையே நொந்துகொள்வார்கள். குறை வளர்ப்பில் இல்லை, தேர்வில்.

பச்சை மாறாத வகை வருடம் முழுக்க இலை விட்டுக்கொண்டே இருக்கும். வெப்பமான இடத்துக்கு நன்றாகப் பொருந்தும். கடுங்குளிரில் இலை கருகும். இலையும் வேரும் சேரும் அடித்தண்டு அழுகாமல் தப்பினால் மீண்டும் துளிர்க்கும். வைக்கோல் அல்லது சருகால் மூடாக்கு போட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த வகையில் கவனம் வேண்டியது துரு நோயில். இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படியும்; வெள்ளைத் துணியால் துடைத்தால் ஒட்டிக்கொள்ளும். 2000இல் அமெரிக்காவில் தென்பட்டு வேகமாகப் பரவிய நோய் இது. இதன் பூஞ்சை டே லில்லியில் பச்சை இலை உள்ளவரை தொடர்ந்து பெருகும். உறங்கும் வகையில் இலை மடியும்போது அந்தச் சங்கிலியும் அறுகிறது. இலை மடியாத செடியில் நாம்தான் அறுக்க வேண்டும்: நோய் கண்ட இலைகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்தி, இலை நனையாமல் வேர்ப்பகுதியில் மட்டும் தண்ணீர் விட வேண்டும். புதிதாக வாங்கும் செடியைச் சில வாரம் தனியே வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

மற்ற பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாளுக்கு ஆறு மணி நேர வெயில், தண்ணீர் தேங்காத மண், அடித்தண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் புதையாத நடவு. மொட்டு விடும் காலத்தில் மட்டும் ஈரம் காயவே விடாதீர்கள். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'உறங்கும்' என்று பதிவான செடியெல்லாம் குளிர் தாங்கும், 'பச்சை மாறாத' செடியெல்லாம் தாங்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெயர் இலையின் பழக்கத்தைத்தான் சொல்கிறது. அதுவும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே உங்களைப் போன்ற தட்பவெப்பத்தில் வளர்ந்த தூரிலிருந்து பிரித்த கன்றையே தேடுங்கள். குளிர் லேசாக வந்துபோகும் இடமானால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அரைப்பசுமை வகையில் தொடங்குவேன்.