20-0 புள்ளி முறை: கணக்கில் பிழையில்லை, கைகொடுப்பதில்தான் வில்லங்கம்

உப்புவெளியில் புதிதாகப் போட்டி வைக்கப்போகும் தம்பி ஒருவர், "20-0 முறையையே போடுவமா அண்ணா?" என்று கேட்டிருந்தார். மேசையில் மினியேச்சர் படைகளை மோதவிடும் வார்ஹாமர் 40,000 ஆட்டத்தின் பத்தாம் பதிப்பும், கிட்டத்தட்ட ஒரே நிலையில் உள்ளவர்களை அடுத்த சுற்றில் மோதவிடும் சுவிஸ் முறையும் பழகியவர்களுக்கு மட்டும் இது.

கணக்கைக் குறை சொல்ல இடமில்லை. ஓர் ஆட்டத்தில் இருவரும் எடுத்த புள்ளிகளின் வித்தியாசம் 5 வரை என்றால் ஆளுக்குப் பத்து, 10-10. 6 ஆனால் 11-9. பிறகு ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு புள்ளி தோற்றவரிடமிருந்து வென்றவருக்குப் போகும். 51ஐத் தொட்டால் 20-0. மயிரிழையில் தோற்றவர் வெறுங்கையோடு எழும்புவதில்லை. அதனால் தோல்வி தெரிந்த பிறகும் கடைசி ஒப்ஜெக்டிவுக்கு (பிடித்தால் புள்ளி தரும் இடம்) ஓடுவார்கள். மூன்று ஆட்டத்திலும் 12-8 வென்றவருக்கு 36, இரண்டில் 20-0 அடித்து ஒன்றில் 4-16 தோற்றவருக்கு 44 வருவதைச் சிலர் அநியாயம் என்பார்கள். எனக்கு அதில் கோபமில்லை, விதி முதலே தெரிந்ததுதானே.

கோபம் வருவது, பாதியில் கைகொடுத்து ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறவரின் தாராள மனசில். திருகோணமலையில் எட்டுப் பேர் சேர்ந்தால் பாதிப் பேர் ஒரே பள்ளிக்கூடம், மிச்சம் சொந்தக்காரர். கடைசிச் சுற்று ஆட்டத்தில், அதன் ஐந்து ரவுண்டில் மூன்றாவது முடிய ஒருவர், "சரி மச்சான், மிச்சத்தை நீயே போட்டுக்கொள்" என்று மினியேச்சர்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்குவார். அந்த நேரம் வித்தியாசம் 22, அதாவது 14-6. எதிரில் ஆளில்லாத இரண்டு ரவுண்டுக்கும் பிரைமரி (முதன்மைப் பணிக்கான புள்ளி) 15, 15 என்று எழுதினால் 52. அது 20-0! டைஸே உருட்டாமல் ஆறு புள்ளி. பக்கத்து மேசையில் மூன்று மணித்தியாலம் மல்லுக்கட்டி 13-7 எடுத்தவருக்குக் கப் போய்விடும்.

கைகொடுத்த இடத்திலேயே புள்ளியை நிறுத்துவதும் சரிவராது. கடுப்பில் இருக்கிறவர் முதல் ரவுண்டிலேயே எழும்பி, வெல்ல வந்தவரை 10-10இல் மாட்டிவிடலாம். ஆகவே ஒரு மினியேச்சரும் பெட்டிக்குள் போகக்கூடாது. தோற்றவரின் படை நின்ற இடத்தில் நின்று ஒப்ஜெக்டிவைப் பிடித்தபடியே இருக்கட்டும். வென்றவர் நடுவருக்கு முன்னால் உண்மையாகவே நகர்த்தி, மிஞ்சிய நேரத்துக்குள் எட்டியதற்கு மட்டும் புள்ளி எழுதட்டும். ஒவ்வொரு ரவுண்ட் முடிவிலும் இருவரும் தாளில் கையொப்பம் வைத்தால் பிறகு வாய்த்தர்க்கம் வராது.

படைக்குப் பெயின்ட் பூசியதற்கான 10 புள்ளியை இந்த வித்தியாசத்துக்குள் சேர்க்கவே வேண்டாம். அது இரண்டு படி. மாரி காலத்தில் இங்கத்தைய ஈரக்காற்றில் ஸ்பிரே பிரைமர் வெளுத்துப்போகும். தூரிகையால் பூசத் தெரியாத பொடியன் அதற்காக ஆட்டப் புள்ளியில் ஏன் கீழே இறங்கவேண்டும்? பெயின்டுக்குத் தனிப் பரிசு வையுங்கள். ஆள் ஒற்றைப்படையாகி ஒருவர் சும்மா இருக்க நேர்ந்தால் 20ஐத் தூக்கிக் கொடுக்காமல், அவருடைய மற்றச் சுற்றுகளின் சராசரியைப் போடுங்கள்.

இவ்வளவு நுட்பமான முறை வேறொன்றைக் காட்டச் சொன்னால் என்னிடம் இல்லை. இருந்தாலும் தம்பி, எட்டுப் பேர், மூன்று சுற்று என்றால் வெறும் வெற்றி-தோல்வியை வையுங்கள். சமநிலை வராவிட்டால் மூன்றையும் வென்றவர் ஒருவர்தான் இருப்பார், அவருக்குக் கப். 20-0ஐ இரண்டாம் மூன்றாம் இடம் பிரிக்க மட்டும் எடுங்கள். கைகொடுக்கிற மச்சான்மார் அங்கே தாராளமாய் இருந்துவிட்டுப் போகட்டும்.