சிக்னலில் உதறும் ஸ்டியரிங்: மவுண்டிங்கா, மிஸ்ஸிங்கா?

வண்டி நிற்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது என்று பெங்களூரில் நாலு பேரிடம் சொன்னால் நாலு வைத்தியம் வரும். டயர் கடைக்காரர் வீல் பேலன்ஸிங் என்பார். அவரை முதலிலேயே கழித்துவிடலாம். பேலன்ஸிங் கோளாறு சக்கரம் சுற்றினால்தான் தெரியும். ஏர்போர்ட் ரோட்டில் 80-ஐத் தொடும்போது உதறும், சிக்னலில் நின்றதும் அடங்கிவிடும். நமக்கு நேர்மாறாக அல்லவா நடக்கிறது?

மிஞ்சுவது இரண்டு கட்சி. இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறது, அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்தான் போய்விட்டது என்பது ஒன்று. மவுண்டிங் நன்றாக இருக்கிறது, இன்ஜினே சீராக ஓடவில்லை என்பது இன்னொன்று. மெக்கானிக் மொழியில், ‘மிஸ்ஸிங் அடிக்குது சார்.’

பைசா செலவில்லாமல் ஓரளவு பிரித்துவிடலாம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடினால் நொடிக்குச் சுமார் 27 முறை உள்ளே பெட்ரோல் வெடிக்கும். மவுண்டிங் போனால் இந்த அதிர்வு அப்படியே பாடிக்கு ஏறும். கைக்கு ஒரே சீரான ‘ர்ர்ர்’ மாதிரி இருக்கும், ஆர்பிஎம் முள் அசையாது. ஒரு சிலிண்டர் வெடிக்காமல் விட்டாலோ, நொடிக்கு ஏழு முறை ஓர் இடைவெளி விழும். அது ‘தடக் தடக்’ என்று சீட்டையும் சேர்த்து உலுக்கும், முள்ளும் ஆடலாம். சில்க் போர்டு சிக்னல் இதைக் கவனிக்கத் தாராளமாக நேரம் தரும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்தபடி டி (டிரைவ்) கியரில் உதறி, நியூட்ரலில் அடங்கினால் மவுண்டிங் மீது சந்தேகம் கூடும். ஏசி போட்டதும் முள் கீழே விழுந்து தள்ளாடினால் இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியைப் பாருங்கள்; கம்ப்ரஸர் சுமையை ஈடுகட்ட ஐடிலை, அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும் வேகத்தை, தாங்கிப் பிடிக்க வேண்டிய இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) தடுமாறுகிறது. ‘ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சா உதறல் நின்னுடுது’ என்பதை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். இரண்டு கோளாறிலும் அப்படி ஆகலாம்.

மூன்று சிலிண்டர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டியாகோவோ 2024-இல் வந்த புது ஸ்விஃப்டோ வைத்திருந்தால், பழைய நான்கு சிலிண்டர் ஸ்விஃப்டோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று சிலிண்டருக்கு லேசான ஆட்டம் பிறவிக்குணம். போன வருஷத்தைவிட அதிகமா என்பதுதான் கேள்வி.

செலவில் இரண்டும் ஒன்றல்ல. மிஸ்ஸிங் பக்கம் மலிவாகவே முடியலாம்: த்ராட்டில் பாடி கார்பனைத் துடைப்பது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது, அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் எலி கடித்த வேக்குவம் ஹோஸ் என்ற ரப்பர் குழாயைத் தேடுவது. கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங். பிளக்குக்குப் பொறி தரும் காயிலை உடனே புதிதாக வாங்காதீர்கள். காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். குறியீடும் பி0302-க்கு மாறினால்தான் காயில் குற்றவாளி. த்ராட்டில் பாடியைத் துடைத்த பிறகு பல வண்டிகளில் ஐடிலை இசியூவுக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் அல்சூர் மெக்கானிக் இதற்குப் போதும். ‘அண்ணா, ஏசி போட்டாதான் உதறுது’ என்று தமிழிலேயே சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்க்கவும் முடியும். வாரண்டி இருந்தால் மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தாண்டி வேறெங்கும் போகாதீர்கள்.

மவுண்டிங் பக்கம் வந்தால் கணக்கு மாறும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் ஒரே மவுண்டிங்குக்கு ஒரிஜினல் ஒரு விலை, வேறு பிராண்டு ஒரு விலை, டப்பாவில் பெயரே இல்லாதது ஒரு விலை. சிவாஜிநகரில் பழைய வண்டியிலிருந்து கழற்றியதும் கிடைக்கும். என் ஓட்டு ஒரிஜினலுக்கே. மற்ற சாமானில் சிக்கனம் பார்க்கலாம். இங்கே நாம் காசு கொடுப்பதே ரப்பரின் மென்மைக்கு. மலிவானதில் ரப்பர் கெட்டியாக இருந்தால் கிழியாமல் நீடித்தாலும் அதிர்வை வடிகட்டாது. ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு. கழற்றிய பழையதில் ரப்பர் ஏற்கெனவே வயதானது. அதை வாங்குவது வீண்.

உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய மவுண்டிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நடு இரும்புக் குழல் ஒரு பக்கம் தொங்கியிருக்கும், ரப்பரில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு தெரியும். எண்ணெய் நிரப்பிய ஹைட்ராலிக் வகையானால் கீழே கருப்பாகக் கசிந்திருக்கும். இதில் எதுவுமே இல்லையென்றால் நல்ல மவுண்டிங்கைத்தான் கழற்றியிருக்கிறார்களோ என்று தாராளமாகக் கேட்கலாம்.

சந்தேகமாகவே இருந்தால் நான் மிஸ்ஸிங் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். விலை மட்டும் காரணமல்ல. சிலிண்டர் வெடிக்காமல் விட்டபடியே ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும். தேய்ந்த மவுண்டிங் பெரும்பாலும் கொஞ்ச நாள் பொறுக்கும்.

புது மவுண்டிங் போடும்போது போல்ட்டுகளை எடுத்த எடுப்பில் முழுசாக இறுக்க விடாதீர்கள். லூஸாக மாட்டி, இன்ஜினை ஆட்டி, அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையில் இறுக்கினால் ஒரிஜினலும் உதறும். கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று ஜே.சி. ரோட்டுக்குச் சண்டைக்குப் போவோம்.