கேம் மோடு இயர்பட்ஸ்: பாட்டு கேட்க ஓகே, வாத்தியம் வாசிக்க வேண்டாம்

2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் இயர்பட்ஸ், அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 'கேம் மோடு, தாமதமே இல்லை'. பிராண்டு பெயர் வேண்டாம், இந்த விலையில் எல்லாமே அண்ணன் தம்பிதான். பாட்டு கேட்கத் தாராளமாக வாங்கலாம். பேஸ் கொஞ்சம் தூக்கல், சார்ஜ் நன்றாக நிற்கிறது. படம் பார்த்தாலும் வாயசைவு பொருந்துகிறது, ஏனென்றால் ஒலி எவ்வளவு பிந்தும் என்று கணக்குப் போட்டு வீடியோ ஆப் படத்தையும் அந்த அளவுக்குப் பிடித்து வைக்கிறது.

விரலை யார் பிடித்து வைப்பது? சின்ன கீபோர்டை போனில் செருகி பியானோ ஆப்பில் சரளி வரிசை வாசித்தால், இரண்டாம் காலத்திலேயே (அதாவது இரட்டை வேகத்தில்) விரல் 'ரி'க்குப் போன பிறகுதான் 'ச' காதில் விழுகிறது. சாதாரண புளூடூத்தில் ஒலி 200 மில்லிவினாடி வரைகூடப் பிந்தும். கேம் மோடில் குறைகிறது, ஆனால் போய்விடவில்லை.

இத்தனைக்கும் மூளை நமக்குச் சலுகை காட்டுகிற கட்சி. 2002-இல் லண்டனில் மூளை ஆய்வாளர் பேட்ரிக் ஹேகார்ட் குழு செய்த சோதனையில், தாமாகப் பொத்தானை அழுத்தி 250 மில்லிவினாடி கழித்து பீப் சத்தம் கேட்டவர்கள், அழுத்தியது சுமார் 15 மில்லிவினாடி பிந்தியும் பீப் 46 மில்லிவினாடி முந்தியும் நடந்ததாக உணர்ந்தார்கள். விளைவை எதிர்பார்த்துச் செய்தால் இடைவெளி சுருங்கிவிடுகிறது. மூளைக்குக் காந்தத் துடிப்பு கொடுத்து விரலைத் தானாக அசைய வைத்தபோது அந்த இடைவெளி விரிந்தது. (இடைவெளி சுருங்குவதற்குக் காரணம் நாமாகச் செய்கிறோம் என்ற எண்ணமா, ஒன்றால் மற்றொன்று நடக்கிறது என்ற வெறும் காரண காரியத் தொடர்பா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே உண்டு, அது கிடக்கட்டும்.)

அதனால் தாமதத்தைவிட நிச்சயமின்மைதான் பெரிய தொல்லை என்பேன். ஒலி ஒரு மில்லிவினாடியில் 34 செ.மீ. தூரம்தான் போகும், பெரிய தேவாலயங்களில் இருக்கும் பைப் ஆர்கனில் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் கீபோர்டு வாத்தியம்) 30 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் வந்து சேரவே 90 மில்லிவினாடி ஆகிவிடும், ஆனாலும் வாசிக்கிறார்கள், அந்தத் தாமதம் மாறாமல் இருப்பதால் கை பழகிக்கொள்கிறது. இந்த இயர்பட்ஸோ, கொஞ்சம் நிறுத்தினால் தூங்கிவிடுகிறது, அடுத்து வாசிக்கும் முதல் ஸ்வரத்தை அப்படியே முழுங்கிவிடுகிறது. எதை நம்பி விரல் வைப்பது?

அப்புறம் ஒரு வேடிக்கை. இதில் வாசித்துப் பழகிய கையோடு ஒயர் ஹெட்போனுக்கு மாறினால், விரல் படுமுன்பே சத்தம் வந்துவிட்ட மாதிரி ஒரு திடுக்கிடல்! 2006-இல் ஸ்டெட்சன், ஈகிள்மன் என்ற மூளை ஆய்வாளர்களின் குழுவும் இதையே காட்டியது: பொத்தானை அழுத்திக் கொஞ்சம் கழித்தே வெளிச்சம் மின்னுவதற்குப் பழகியவர்களுக்கு அந்தத் தாமதத்தைத் திடீரெனக் குறைத்தால், அழுத்துவதற்கு முன்பே வெளிச்சம் மின்னியதாகத் தோன்றியது.

கேட்பவர்களுக்கு நாலு நட்சத்திரம், வாசிப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண ஒயர் இயர்போனே போதும். போனில் ஆடியோ ஜாக் (ஒயர் இயர்போன் செருகும் துளை) இல்லையென்றால் கீபோர்டும் இயர்போனும் ஒரே சி-டைப் துளைக்குச் சண்டை போடும், அதனால் ஒரே துளையில் பல கருவிகளைச் செருக வைக்கும் ஓடிஜி ஹப்பை, ஆடியோ ஜாக்கும் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.