தேயிலை ஃபேக்டரிக்குக் கீழே வீடு: ஆபீஸ் வேலைக்கு எந்த ஹெட்போன்?

போன ஐப்பசியில் ஒரு மீட்டிங். நான் பேசி முடித்ததும் பெங்களூரில் இருந்து டீம் லீடர் கேட்டார்: "மேடம், பக்கத்துல ஜெனரேட்டர் ஏதாவது ஓடுதா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் காதில் அப்படி ஓர் அமைதி. ஹெட்போனைக் கழற்றியதும்தான் தெரிந்தது, மேலே தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் ஃபேன்கள் ஹோவென்று ஓடிக்கொண்டிருந்தன. நான் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன், அதாவது வெளி இரைச்சலை அழிக்கும் ஹெட்போன், வாங்கி அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதமும் எனக்குக் கேட்காத அந்தச் சத்தம் மற்ற எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது குன்னூரில் இருக்கும் என் சித்தி மகனுக்கு வீட்டிலிருந்து வேலை கிடைத்திருக்கிறது. "அக்கா, சோனியா போஸா, எது வாங்கட்டும்?" என்று கேட்டான். அவனுக்குப் போனில் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எங்கள் வீடு கோத்தகிரியில். என் வேலை இன்சூரன்ஸ் க்ளெய்ம்; நாளில் நாலைந்து மணி நேரம் பேச்சிலேயே போகும். என் கணவர் சோனி வைத்திருக்கிறார். போஸை ஒரு தோழியிடம் வாங்கி ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன், சென்ஹைசரை ஒரே ஒரு நாள். என் தலையில் இப்போது இருப்பது ஜாப்ரா.

முதலில் இந்த நாய்ஸ் கேன்சலிங் நுட்பம் எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒலி அலைக்கு நேர் எதிரான அலையைச் செலுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் என்ற யோசனைக்கு ஜெர்மனியின் பால் லூக் 1936லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதை ஹெட்போனுக்குள் கொண்டுவரும் எண்ணம் போஸ் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸுக்கு 1978ல் ஒரு விமானப் பயணத்தில் வந்தது. எஞ்சின் இரைச்சலில் பாட்டு கேட்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். 1989ல் அவர் கம்பெனியின் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது.

ஆக, இது விமான எஞ்சினுக்காகப் பிறந்த பொருள். ஒரே சீராக, தாழ்ந்த குரலில் ஓடும் இரைச்சலை அப்படியே விழுங்கும். 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 1,000 அதிர்வுக்குக் குறைவான சத்தத்தில், இதன் கை ஓங்கும். அதற்கு மேலே போனால் காதை மூடும் மெத்தைதான் தடுக்க வேண்டும். எங்கள் ஃபேக்டரி ஃபேன், கரண்ட் போனால் பக்கத்து லாட்ஜில் ஓடும் ஜெனரேட்டர், ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகும் கொழுந்து லாரி எல்லாம் அந்த எஞ்சினுக்கு அண்ணன் தம்பிகள். ஹெட்போனைப் போட்டவுடன் காணாமல் போகும். ஆனால் ஷீட் கூரையில் விழும் மழை அப்படி இல்லை. அதில் தாழ்ந்த உறுமல் மட்டும் குறையும், சடசடப்பு வடிகட்டி வந்துகொண்டே இருக்கும். குக்கர் விசில், நாய் குரைப்பு, அடுத்த அறையில் பிள்ளைகள் சண்டை, இவையும் முழுதாகப் போகாது. எந்தக் கம்பெனி, எவ்வளவு விலை என்றாலும் இதுதான் நிலை. உங்கள் வீட்டுச் சத்தம் எந்த வகை என்று ஒரு நாள் கண்ணை மூடி உட்கார்ந்து கேளுங்கள். அதற்கப்புறம் கடைப் பக்கம் போகலாம்.

சரி, சோனியும் போஸும். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 2022ல் வந்தது, 250 கிராம், நாய்ஸ் கேன்சலிங் போட்டே 30 மணி நேரம் ஓடும். மூன்று நிமிடம் சார்ஜ் செய்தால் மூன்று மணி நேரம் வரும் என்பது காலை எட்டே முக்காலுக்கு எழுந்து ஓடும் வீட்டில் பெரிய விஷயம். போஸ் குயட்கம்ஃபர்ட் அல்ட்ரா 2023ல் வந்தது, எடை ஏறக்குறைய அதே அளவு, 24 மணி நேரம். அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டால் என் காதுக்கு இரண்டும் சமம். ஃபேன் இரண்டிலும் மறைந்துபோகிறது. மழையில் போஸ் ஒரு நூலிழை மேல் என்று தோன்றியது. தலையில் உட்காரும் சுகத்தில் போஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாலை ஐந்து மணிக்கும் அது தலையில் இருப்பதே தெரியவில்லை.

சோனியின் பலம் வேறு இடத்தில். வலது காதுக் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால் பாட்டு தாழ்ந்து வெளிச்சத்தம் உள்ளே வரும். பால்காரர் கூப்பிட்டால் கழற்ற வேண்டியதில்லை. நாம் பேசத் தொடங்கினால் தானே பாட்டை நிறுத்தும் வசதியும் இருக்கிறது. அதை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள். இந்தக் குளிரில் ஒருமுறை தொண்டையைச் செருமினாலே நாம் பேசுவதாக நினைத்துக்கொள்ளும். எக்ஸ்எம்5 மடங்காது, பெட்டி பெரியது. அதற்கு முந்தைய எக்ஸ்எம்4 மடங்கும், 2025ல் வந்த எக்ஸ்எம்6ம் மடங்கும். மேசையை விட்டு நகராதவருக்கு இது ஒரு குறையே இல்லை. வாரம் ஒருமுறை பஸ்ஸில் கோவைக்கு இறங்குகிறவர் யோசிக்கட்டும்.

எக்ஸ்எம்5 காற்றழுத்தத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதைப் பார்த்ததும் மலைக்காரர்களுக்கு ஆசை வரும். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஆனால் நாள் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அழுத்தம் எங்கே மாறப்போகிறது? இதற்காக மட்டும் காசு கூடக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

அதைவிட இங்கே முக்கியமானது குல்லா. மார்கழியில் கம்பளிக் குல்லாவை காது வரை இழுத்துவிட்டு அதன் மேல் ஹெட்போனை மாட்டுகிறோம். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே கம்பளி வந்துவிட்டால் அடைப்பு போயிற்று. முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனிலும் ஃபேன் சத்தம் கசிந்து வரும். குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். காதைச் சுற்றி மூடும் மெத்தையே கதகதப்பாகத்தான் இருக்கும். கீழே சென்னையில் வியர்வையால் எரிச்சல் தருகிற அதே மெத்தை இங்கே டிசம்பரில் வரம். கண்ணாடி போடுகிறவர்கள் மெல்லிய கால் உள்ள ஃபிரேம் போட்டால் கசிவு குறையும்.

சென்ஹைசர் மொமென்டம் 4 பற்றி அதிகம் சொல்ல இல்லை. 60 மணி நேர பேட்டரி, பாட்டுக்கு அருமை, 293 கிராம். மழைக்காலத்தில் நாள் கணக்கில் கரண்ட் போகும் ஊரில் 60 மணி நேரம் பெரிய சொத்து போலத் தெரியும். யோசித்துப் பாருங்கள், அதற்கு முன்னால் லேப்டாப்பும் மோடமும் படுத்துவிடும். ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம், எட்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு என் கழுத்து ஒத்துக்கொள்ளாது.

இனி மைக். நான் ஆறு மாதம் ஏமாந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நாய்ஸ் கேன்சலிங் நம் காதுக்கு. நம் குரலோடு சேர்ந்து எதிரில் இருப்பவருக்குப் போகும் சத்தத்தைக் குறைப்பது தனி வேலை, அதை மைக்கும் அதன் பின்னால் இருக்கும் மென்பொருளும் செய்ய வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவதுதான். சோனியிலும் போஸிலும் மைக் காதுக் கிண்ணத்தில் இருக்கிறது, வாயில் இருந்து ஒரு சாண் தள்ளி. மைக் வாய்க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவுக்குக் குரல் ஓங்கும்; தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். ஃபேன் சத்தமோ எங்கே வைத்தாலும் ஒரே அளவு. அதனால்தான் கால் சென்டரில் எல்லோரும் வாயருகே ஒரு கொம்பு நீட்டிய ஹெட்செட்டைப் போடுகிறார்கள்.

இன்னொன்று. ப்ளூடூத்தில் பாட்டு மட்டும் கேட்கும்போது ஒலி ஒரு வழியாக, முழுத் தரத்தில் வருகிறது. மீட்டிங்கில் ஹெட்போனின் மைக் திறந்த நொடியில் இரண்டு பக்கமும் ஒலி போக வேண்டும், எனவே வேறு முறைக்கு மாறிவிடும். சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிந்த மாதிரிகள் என்றால் இந்தப் பேச்சு முறையில் 16,000, பழைய கருவிகளில் 8,000. சோனி பெருமையாகச் சொல்லும் எல்டாக், ப்ளூடூத்தில் பாட்டைத் தரமாக அனுப்பும் முறை, நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், மீட்டிங் நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். "புது ஹெட்போன், மீட்டிங்ல மட்டும் டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது" என்று சொல்கிறவர்களுக்குக் கருவி பழுதில்லை, முறை மாறுகிறது. எல்இ ஆடியோ என்ற புது முறையில் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

ஜாப்ரா எவால்வ்2 75 இதற்காகவே செய்த பொருள். 197 கிராம். மைக் கொம்பை இறக்கினால் பேசலாம், மேலே தூக்கினால் மியூட். காதுக் கிண்ணத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், நான் பேசுகிறேன் என்று அதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் சின்னவன் இப்போது அந்த விளக்கைப் பார்த்துத்தான் அறைக்குள் வருகிறான். லேப்டாப்பில் செருக ஒரு டாங்கிளும் (ஹெட்செட்டோடு இணைக்கும் சின்ன யுஎஸ்பி துண்டு) தருகிறார்கள், அதனால் லேப்டாப்பின் சொந்த ப்ளூடூத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இதைப் போட்டு, ஃபேக்டரி முழு வேகத்தில் ஓடும்போது பேசி ரெக்கார்ட் செய்து கேட்டேன். என் குரல் மட்டும் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

அமைதியில் இது சோனி, போஸுக்குக் கீழேதான். ஃபேன் குறைகிறது, மறையவில்லை. காதைச் சுற்றி மூடாமல் காதின் மேலேயே உட்காருவதால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காதைத் தேய்த்துவிட வேண்டியிருக்கிறது. பாட்டு சுமார். என் வேலைக்கு இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நடுவே 10,000 ரூபாய் அளவில் ஒரு நல்ல வழி உண்டு. சோனி டபிள்யூஎச்-சிஎச்720என், 192 கிராம், நாய்ஸ் கேன்சலிங்கோடு 35 மணி நேரம். எக்ஸ்எம்5 அளவுக்கு அமைதி தராது, பிளாஸ்டிக் கட்டு, ஆனால் ஃபேன் வகைச் சத்தத்தைக் கணிசமாகக் குறைக்கும். இதோடு லேப்டாப்பில் செருகும் ஒரு காலர் மைக்கை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். மீட்டிங் செட்டிங்கில் ஸ்பீக்கருக்கு ஹெட்போன், மைக்குக்கு காலர் மைக் என்று பிரித்துவிட வேண்டும். ஹெட்போனின் மைக் திறப்பதே இல்லை என்பதால் ப்ளூடூத் முழுத் தரத்திலேயே நிற்கும், மைக்கும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். மிச்சச் சத்தத்தை ஜூம், டீம்ஸில் இருக்கும் இரைச்சல் நீக்கமே பார்த்துக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் மெத்தையைக் கவனியுங்கள். என் பழைய ஹெட்போனின் செயற்கைத் தோல் இரண்டு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது. மிஸ்ட் இறங்கும் மாதங்களில் மேசை மேல் விடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலா என்று வாங்கும் முன்னே பாருங்கள். சர்வீஸுக்கு எங்களுக்குக் கோவை வரை இறங்க வேண்டும், ஒரு நாள் லீவு போகும்.

அப்புறம் தயவுசெய்து, இதைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் நடக்கப் போகாதீர்கள். தேயிலைத் தோட்டத்து வளைவில் காட்டெருமை நிற்பதை இங்கே முதலில் காதுதான் சொல்லும், புதர் சலசலப்பும் மூச்சும் கேட்டுத்தான் நின்றிருக்கிறோம். கரடியும் அப்படித்தான். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி எல்லா மாடலிலும் உண்டு, ஆனால் காற்று வீசினால் அந்த மைக்குகளில் காற்றிரைச்சல்தான் நிறையும். கழுத்தில் தொங்கவிட்டு நடங்கள்.

தம்பிக்கு நாளில் இரண்டு மீட்டிங்தான், மற்ற நேரம் கோடிங். வீடு குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, கீழே பஸ் எஞ்சின்கள் உறுமிக்கொண்டே இருக்கும். என்னைப் போலப் பேசியே பிழைக்கிறவனாக இருந்தால் ஜாப்ரா சொல்லியிருப்பேன். காசு இருந்தால் அவனுக்கு போஸ். முதல் சம்பளம் இன்னும் வரவில்லை, அதனால் சிஎச்720என்னும் காலர் மைக்கும் ஆர்டர் போடச் சொன்னேன். சனிக்கிழமை வந்துசேரும் என்கிறான். அதை எடுத்துக்கொண்டு இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். கொழுந்து நிறைய வந்து ஃபேன் முழுதாக ஓடும் நேரம் பார்த்து அவன் எங்கள் முற்றத்தில் நின்று பேசட்டும், நான் ஊருக்குள் போய் போனில் கேட்டுச் சொல்கிறேன்.